வெய்க்கோவுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பது பற்றி

மகா மதிப்புக்குரிய மைத்துனர் ஃப்ரெடெரிக் சால் அவர்களின் சமூகத்துக்கு,

ரோய்வாட்டரிலிருந்து தங்கள் காலஞ்சென்ற தங்கை ரெகினாவின் கணவன் ஆந்திரிஸ் லிங்க்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஆடுகளும் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிறது. தாங்கள் போர்ட் நொலொத்தில் மகன் வீட்டில் மீன் தின்று, கடல்காற்று வாங்கி, நன்றாகத் தூங்கி எழுவீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது ஊரறிந்தது. ஆகையால் என் வாய்ச்சொல்லைக் கேட்டு இதை எழுதுவது தங்கள் மகள் செல்மா. நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், அப்பாவாயிற்றே என்று காரத்தைக் குறைக்கக் கூடாது என்று பேசி முடிவுசெய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

விஷயம் இதுதான். போன மாதம் வெய்க்கோவை அடக்கம் செய்த அன்று தாங்கள் குழிமேட்டில் ஏறி நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இந்த ஃபின்லாந்துக்காரனுக்கு நம்ம ஆஃப்ரிகான்ஸ் பேச்சைக் கத்துக்குடுத்தவன் நான்தான்” என்று ஊரார் முன்னிலையில் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாட்டு முடிவதற்குள் தங்கள் மகன் காரைக் கிளப்பிவிட்டான். அன்று விழுங்கிய சொல் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அதைத்தான் இப்போது துப்புகிறேன்.

முதலில் வருஷம். வருஷத்தையே தாங்கள் தப்பாகச் சொன்னீர்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள். நம் நாடு ரக்பியில் உலகத்தை ஜெயித்ததே, அந்த வருஷம். தாங்கள் கடைக்காரர் வீட்டு டிவி முன்னால் துள்ளி எழுந்து உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கிய நேரத்தில் ஈரத்துணியோடு தரையில் கிடந்தீர்கள். நம் தெருவுக்கு மின்சாரம் வந்ததும் அந்த வருஷம்தான். கம்பம் நட வந்தவர்கள் பாறையைக் குடைய முடியாமல் கோவில் வாசலில் படுத்துக்கொண்டு ஊர்க்கோழிகளைத் தின்று தீர்த்தார்கள். ஊர்ச்சபைக்கு முதன்முதலாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதும் அதே வருஷம். நீங்கள் நின்றீர்கள், உங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டீர்கள், தோற்றீர்கள். நினைவு வந்ததா? அந்த வருஷத்துக் குளிர்காலத்தில்தான் வெய்க்கோ வந்து இறங்கினான்.

அவனை அனுப்பியது அவன் தேசத்துத் திருச்சபைச் சங்கம். ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. எல்லை தாண்டி வடக்கே இருக்கிற மிஷனுக்குப் போக வேண்டியவன். போகும் முன் மூன்று மாதம் யாராவது ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் தின்பதைத் தின்று, அவர்கள் பேசுவதைப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. போதகர் கோவிலில் “யார் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “எங்க வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு, ஆம்பளப் பையனை எப்படி வெச்சுக்கிறது?” என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன். சரி, ரெகினா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆனாலும் மேலே போன கை என்னுடையதுதான். பள்ளிக்கூடம் நடத்தத் தேவையான எல்லாம் எனக்குள் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத காரணத்தால் அது கெடாமலும் இருந்தது.

ஆள் கதவு நிலையைவிட உயரம். பால் போல வெள்ளை, முதல் வாரத்திலேயே வெயிலில் தக்காளி போல ஆகிவிட்டான். வீட்டுக்குள் கட்டில் பற்றவில்லை என்று முற்றத்தில் கோரைப்பாய் போர்த்திக் கட்டியிருந்த குடிலில் படுக்க வைத்தோம். அதைவிட்டு வர மாட்டேன் என்றான். பேச்சு மட்டும் கிடையாது. அவன் தேசத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீராம், பேச்சுத்தான் இல்லையாம். நம் ஊர் அதற்கு நேர்மாறு என்பது உங்களுக்குத் தெரியாததா? ரெகினா அவனுக்கும் சேர்த்துத் தானே பேசிக்கொண்டாள். “இன்னொரு ரொட்டி போடவா? போடுங்க அத்தை. ஈரல் நல்லாயிருக்கா? நல்லாயிருக்கு அத்தை.” அவன் தலையை ஆட்டிக்கொண்டு தின்றான். இப்படியே விட்டால் பையன் கொழுப்பானே தவிரப் பேசமாட்டான் என்று கண்டு, நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

என் பாடசாலை மலைச்சரிவு. என்னோடு ஆடு மேய்க்க வா என்று கூட்டிப்போனேன். நான் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மச்சான், அவன் என்ன வேகத்தில் பிடித்துக்கொண்டான் தெரியுமா? இரண்டே வாரத்தில் ஆடுகள் என் பேச்சைவிட அவன் பேச்சை அதிகமாகக் கேட்டன. அந்த நேரத்தில் பார்த்துத்தான் நம் போதகர் வீடுவீடாகப் பார்க்க வருகிற வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார். ரெகினா தண்ணீருக்குப் போயிருந்தாள், நான் கொட்டிலில் இருந்தேன். வெய்க்கோ மட்டும் வீட்டில். போதகரைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்து, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: “ஏய், உள்ளே வா! வாசல்ல நிக்காதே! எங்கேடா சுத்திட்டு வர்றே? உட்காரு அங்கே!”

கறுப்பு அங்கியும் வேதப்புத்தகமுமாகப் போதகர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது அவர் தன் மனைவியின் ஆஸ்துமாவையும், மூப்பர்கள் தரும் தொல்லையையும், மழை பெய்தால் ஒழுகும் கோவில் கூரையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெய்க்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான். “இத்தனை வருஷமா இந்த ஊர்ல ஒருத்தரும் என்னை எங்கே சுத்திட்டு வர்றேன்னு கேட்டதில்லை, ஆந்திரிஸ்,” என்று போகும்போது போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவன் நான். ஊரில் வேறெந்த வாத்தியாரின் மாணவன் ஒரு போதகரை அழ வைத்திருக்கிறான்?

ரெகினாவுக்கு மட்டும் திருப்தியில்லை. “மனுஷங்ககிட்ட பேசக் கத்துக்குடுய்யா. பெரியவங்களை மாமான்னு கூப்பிடணும், அத்தைன்னு கூப்பிடணும். நீ, வா, போன்னு சொல்லப்படாது. இதுகூடச் சொல்லாம என்ன பாடம்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சரியென்று அன்றைக்கே அதையும் கற்றுக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவனுக்கு எல்லோரும் மாமா, எல்லோரும் அத்தை. இருபது வயசு பஸ் டிரைவர் டிர்க் மாமா. ஓட்டுச்சாவடிக் காவலுக்கு வந்த போலீஸ்காரப் பையன் மாமா. நம் வீட்டுக் கழுதைகளில் மூத்ததும் மாமா. தபால் கவுண்டருக்குப் போய் அங்கே உட்கார்ந்திருந்த உங்கள் மகளைப் பார்த்து, “அத்தை, அத்தைகிட்ட தபால்தலை இருக்குங்களா, அத்தை?” என்று கேட்டுவிட்டான். அப்போது இவளுக்கு இருபத்தைந்து வயதுகூட முடியவில்லை.

“இன்னொரு தடவை அத்தைன்னு சொன்னே, இந்த முத்திரையை எடுத்து உன் நெத்தியில குத்திடுவேன்,” என்றாளாம். இப்போது இதை எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். வெய்க்கோ அங்கேயே நின்று யோசித்துவிட்டு, மறுபடியும் “அத்தை” என்றானாம். நெற்றியில் ரோய்வாட்டர் தபால் நிலையம் என்று நீலமாக விழுந்த முத்திரையோடு வீட்டுக்கு வந்தான். அழிக்கவும் விடவில்லை. அதற்குப் பிறகு தினமும் அவனுக்குத் தபால்தலை தேவைப்பட்டது. ஃபின்லாந்திலிருந்து ஒரு பதில்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் பாருங்கள், அந்தச் சமயத்தில்தான் அவன் பேச்சு மளமளவென்று தேறியது. காலையில் மலையில் என் பாடம், மத்தியானம் தபால் நிலையம், சாயங்காலம் மறுபடி என் பாடம். இரண்டு நேரப் பாடம் என்றால் எவனும் தேறுவான்.

இனி ஆற்றுமணல் விஷயம். இதை நீ கவனமாகக் கேட்க வேண்டும் மச்சான், ஏனென்றால் உன் வீட்டில் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான். மேலே எங்கோ மழை பெய்து ஆறு வந்து வடிந்திருந்தது. மணல் மேலே காய்ந்து கிடக்கும், உள்ளே கூழாயிருக்கும். வண்டியோடு கரையில் நின்றோம். “மாமா, தாண்டலாமா?” என்றான். “முடியாது,” என்றேன். “மணல் காஞ்சிருக்கே, மாமா. தாண்டலாமே?” “முடியாது.” அவன் கிணறு தோண்டுகிறவன், மண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கழுதைகளைத் தட்டிவிட்டான். அச்சு வரைக்கும் இறங்கியது வண்டி. மூத்த கழுதை நடு ஆற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இருட்டும் வரை தோளால் தள்ளி, கரையேறி, தலைமுதல் கால்வரை சேறாக நின்று அவனிடம் சொன்னேன்: “இங்கே பாரு. முடியாதுன்னா முடியாது. பெரியவங்க ஒரு தடவை சொன்னா அதோட சரி. ரெண்டாவது தடவை கேக்காதே. கேட்டா இதுதான் கதி.” அவன் அதை மூன்று முறை திருப்பிச் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே ஆழமாக இறங்கிய பாடம் அதுதான், அச்சு இறங்கிய மாதிரியே.

பிறகு வசந்தம் வந்தது, மலையெல்லாம் பூத்தது, அவனுடைய மூன்று மாதமும் முடிய வந்தது. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறி வடக்கே போகச் சொல்லி சங்கத்து உத்தரவு. ஊரில் கல்யாணம் கட்டி நிலைத்தால் இங்கேயே இருந்து நம் கிணறுகளைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் போயே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து, அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மாமா, செல்மாவைக் கேக்கணும். எனக்கு இங்கே அப்பா அம்மா இல்லை. மாமாவும் அத்தையும் வருவீங்களா?” ரெகினா அப்போதே என் கல்யாணக் கோட்டை எடுத்து உதறிவிட்டாள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கொட்டிலில் இருக்கிற ஆடுகளுக்கும் தெரியும். பெண் கேட்டு வந்தவர்களிடம் முதல் தடவையே சரியென்று சொல்கிற அப்பனைப் பார்த்து, பெண்ணை எப்போது தள்ளிவிடலாம் என்று காத்திருந்தான் போல என்று ஊர் சொல்லும். அதனால் மூன்று தடவை முடியாது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு நாள் கேட்க வேண்டும். மூன்றாவதுக்குப் பிறகுதான் அப்பன் பெண்ணைக் கேட்பான், பெண் தலையாட்டினால் காப்பி வரும், காப்பி குடித்தால் சம்மதம். ரெகினாவைக் கேட்டு வந்தபோது உன் அப்பா எனக்கு மூன்றாவது முடியாதைச் சொன்னது ஆடு உரித்துக்கொண்டிருந்த கத்தியோடு. நான் பயப்பட்டேனா? இல்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இதெல்லாம் தெரியாத ஒருவன் அன்றைக்கு உன் வீட்டில் சுவரோரப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மீன் யாருக்காவது நீச்சலை விளக்கிச் சொல்லுமா?

நான் ஆரம்பித்தேன். “மச்சான், எங்க வீட்ல ஒரு பையன் இருக்கான். இந்த வீட்ல ஒரு பொண்ணு இருக்குன்னு காத்து வந்து சொல்லிச்சு.”

“காத்து பொய் சொல்லும்,” என்றாய்.

“பாத்தவங்களும் சொன்னாங்க.”

“பாத்தவங்களுக்குக் கண்ணு சரியில்லை.”

“எங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. பொண்ணைத் தருவீங்களான்னு கேக்க வந்தோம்.”

நீ நாற்காலியில் நிமிர்ந்தாய். மேலே உன் கல்யாணப் படம். கோட்டுப் பொத்தான் மூன்றையும் போட்டிருந்தாய். “முடியாது!” என்றாய். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், நான் வாழ்க்கையில் கேட்ட முடியாதுகளில் அது ஒரு அருமையான முடியாது. திரைக்குப் பின்னால் செல்மாவின் கையில் இருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன.

வெய்க்கோ எழுந்தான். உன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நன்றி, மாமா. மாமாவுக்கு நல்ல ஞாயிற்றுக்கிழமையா இருக்கட்டும்,” என்றான். உன் மனைவியின் கையைக் குலுக்கினான். என் கையையும் குலுக்கினான். பெஞ்சைத் தூக்கிச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, குனிந்து நிலைவாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

நீ வாசலை எட்டிப் பார்த்தாய். பிறகு என் காதருகில் குனிந்து, “டேய் ஆந்திரிஸ், உன் ஆளு எங்கேடா போறான்?” என்றாய்.

“வீட்டுக்குத்தான் போறான் போல.”

“நான் இன்னும் ரெண்டு தடவை சொல்லணுமேடா!”

“அது அவனுக்குத் தெரியாதுடா.”

“தெரியாதா? ஒரு தடவை முடியாதுன்னா எந்திரிச்சுப் போயிடுறதா? என் பொண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பா?” என்று நீ கத்திய கத்தலில் வேலிமேல் இருந்த கோழி இறங்கியது. இதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஆனால் குழிமேட்டில் சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு ஓடினால், அவன் குடிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். “டேய், அது மரியாதைக்குச் சொல்றதுடா. அடுத்த மாசம் மறுபடி போய்க் கேக்கணும்,” என்றேன்.

“அடுத்த மாசம் நான் இங்கே இல்லை, மாமா.”

“சரி, நாளைக்கே போவோம். வழக்கம் கொஞ்சம் வளையட்டும்.”

“பெரியவங்க முடியாதுன்னு சொன்னா ரெண்டாவது தடவை கேக்கக் கூடாது. மாமாதானே சொன்னீங்க.”

“அது மணலுடா! இது பொண்ணு!”

“மணல்ல வண்டி மட்டும்தான் முங்கிச்சு, மாமா,” என்றான். மடித்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினான். திங்களும் செவ்வாயும் அவன் என் வேலியைச் சரிசெய்தான், வண்டி அச்சுக்கு எண்ணெய் விட்டான். போகிறவன் செய்கிற வேலை. ஆடுகள் அவன் பின்னாலேயே திரிந்தன. செல்மா கவுண்டரில் யார் கேட்டாலும் தபால்தலையைத் தலைகீழாகக் கிழித்துக் கொடுத்தாள்.

நீயோ உன் பிடியில் நின்றாய். வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் அந்த யோசனை என் மூளையில் பளிச்சென்று பிறந்தது. இதை நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, எழுத்தில் இருக்கட்டும்.

“போய் அவனைக் கூப்பிடு,” என்றேன்.

“பொண்ணுக்கு அப்பன் மாப்பிள்ளை பின்னாடி போனா ஊர் சிரிக்கும்.”

“கூப்பிட வேணாம். போய் இன்னொரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டு வா.”

நீ யோசித்தாய். “கேக்காமலே எப்படிடா முடியாதுங்கிறது?”

“உன்னால முடியாததா? கோவில் கூட்டத்துல யாரும் கேக்காததுக்கெல்லாம் முடியாதுன்னு சொல்றவனாச்சே நீ!”

வெள்ளிக்கிழமை காலையில் வெய்க்கோவையும் அவன் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கழுதைகளை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். மூத்த கழுதை புரிந்துகொண்டு வழியில் இரண்டு தடவை படுத்தது. அப்படியும் கூட்டுரோட்டுக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டோம். பஸ் வந்து நின்றது. அன்றைக்கென்று பார்த்து என்ஜினில் ஏதோ கோளாறு என்று டிர்க் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். ஆண்டவர் சித்தம் என்று நினைத்தேன். வெய்க்கோ பெட்டிமேல் உட்கார்ந்து காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தூரத்தில் புழுதி. புழுதிக்குள் கறுப்புக் கோட்டு. கோட்டுக்குள் நீ. ஓடி வந்தாய் மச்சான், தொப்பையைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய்.

“முடியாது!” என்றாய், வந்து சேருவதற்கு முன்பே.

வெய்க்கோ எழுந்து நின்றான். “என்ன, மாமா?”

“என் பொண்ணை உனக்குத் தர முடியாது!”

“நான் கேக்கலையே, மாமா.”

“கேட்டாலும் முடியாது!”

“ரெண்டு!” என்றேன் நான்.

பஸ் ஜன்னலிலிருந்து மடியில் கோழி வைத்திருந்த ஒரு கிழவி தலையை நீட்டினாள். “யோவ், கேக்காத பையன்கிட்ட ஏன்யா கத்துறே? உனக்கென்ன பைத்தியமா?” பின்சீட்டிலிருந்து ஒருவன், “பொண்ணுக்கு அப்பன் போலிருக்கு ஆத்தா. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, பேசாம இரு,” என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு வந்துவிட்டார்கள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே வா என்று சொல்லத் தெரியாமல் நிற்பவன் மாதிரி இருந்தது உன் முகம். வெய்க்கோ உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கழுதையைப் பார்த்தேன். அவனுக்கு நான் சொல்லித்தராத ஒன்றை அவனே செய்ய வேண்டிய நேரம் அது.

“மாமா,” என்றான், “செல்மாவை எனக்குத் தருவீங்களா?”

கவனி மச்சான். என் மலையில் அவன் கற்றதெல்லாம் வா, போ, திரும்பு, உட்காரு. ஆட்டிடம் யாரும் எதையும் தருவாயா என்று கேட்பதில்லை.

உன் குரல் உடைந்தது. “மு... முடியாது,” என்றாய். கண்ணில் தண்ணீர்.

“மூணு!” என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஜன்னல்களைத் தட்டினார்கள். கோழி பறந்து டிர்க் தலையில் உட்கார்ந்தது. நீ கோட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, இனிமே பொண்ணைக் கேக்கணும். எல்லாரும் வீட்டுக்கு நடங்க,” என்றாய்.

“அப்பா,” என்று பஸ்ஸின் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு குரல். “நான் இங்கேதான் இருக்கேன்.”

பள்ளிக்கூட நிறுத்தத்திலேயே ஏறியிருக்கிறாள், பெட்டியோடு. “எங்கேடி போறே?” என்றாய்.

“அது நீங்க மூணாவதைச் சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு பாத்து முடிவு பண்ணலாம்னு இருந்தேன்ப்பா,” என்றாள். அந்தக் கிழவி பிளாஸ்கைத் திறந்து ஒரு மூடி காப்பி ஊற்றிக் கீழே நீட்டினாள். நீ வாங்கிக் குடித்தாய். பாதியை வெய்க்கோவுக்குக் கொடுத்தாய். காப்பி குடித்தால் சம்மதம். அன்றிலிருந்து போன மாதம் வரைக்கும் அவன் இந்த ஊரில்தான் இருந்தான். இன்றைக்கு நம் ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வருவது அவன் தோண்டிய தண்ணீர்தான்.

இப்போது சொல், அவனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தது யார்? நீ அவனுக்குச் சொன்னது மூன்று வார்த்தை, மூன்றும் ஒரே வார்த்தை. மற்றதெல்லாம் என் வாயிலிருந்து போனது. வருகிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு நீ இங்கே வரும்போது, ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, “நான் சொன்னது தப்பு, வாத்தியார் ஆந்திரிஸ்தான்” என்று சொல்லிவிட வேண்டும். நான் எழுந்து நிற்க மாட்டேன். உட்கார்ந்தபடியே தலையை மட்டும் ஆட்டுவேன்.

நிற்க. கடல்காற்று மார்புக்கு ஆகாது, உள்சட்டை இல்லாமல் தாங்கள் வெளியே போக வேண்டாம். உப்பு மீனைக் குறைத்துக்கொள்ளவும். தங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். பேரப்பிள்ளைகள் என்னைத் தாத்தா என்று கூப்பிடாவிட்டாலும் அவர்களுக்கும் ஆசீர்வாதம். தங்கள் பற்கள் இருக்கிறவரை இருக்கட்டும், ஆயுள் அதைவிட நீளட்டும். ஆண்டவர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு, தங்கள் மீது கோபமாக இருந்தாலும் என்றும் அன்பு மாறாத,
ஆந்திரிஸ் லிங்க்ஸ்
(கீழே உள்ள பெருக்கல் குறி என் கையெழுத்து. கோணலாக இருப்பது மேசையின் குற்றம்.)

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகு செல்மா பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “மாமா, வெய்க்கோவுக்கு மூணு முடியாதும் தெரியும் மாமா. நான் அவன்கிட்ட கவுண்டர்லேயே சொல்லிட்டேன்,” என்கிறாள். “பின்னே ஏண்டி எந்திரிச்சுப் போனான்?” என்றேன். “எங்க அக்காவைக் கேட்டு வந்தப்போ மூணு முடியாது சொல்லி முடிக்க அப்பா ஒரு வருஷத்து ஆட்டுமயிர் கத்தரிப்புல ஆரம்பிச்சு அடுத்த வருஷத்துக் கத்தரிப்பு வரைக்கும் இழுத்தார். எங்களுக்கு இருந்தது அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான். அவன் ஊரை விட்டே போறான்னு தெரிஞ்சாத்தான் அப்பா ஓடி வருவார்னு ரெகினா அத்தைதான் சொன்னாங்க. அத்தைதான் உங்களையும் அப்பா வீட்டுக்கு அனுப்புனாங்க. புதன்கிழமை மாவு பிசையறப்போ, யாராவது போய் அவரை இன்னொரு தடவை முடியாதுன்னு சொல்லச் சொன்னா தேவலைன்னு அவங்க சொன்னது உங்க ஞாபகத்துல இல்லையா?” இல்லை. என் மூளையில் பளிச்சென்று பிறந்தது என்று மேலே எழுதியிருப்பதை அடிக்கச் சொன்னேன், இவள் மாட்டேன் என்கிறாள். பஸ் என்ஜினிலும் கோளாறு கிடையாதாம், டிர்க்கிடம் முதல்நாளே பேசி வைத்திருக்கிறார்கள். கிழவியின் கையில் இருந்த பிளாஸ்க் நம் வீட்டுப் பிளாஸ்க்காம். அதைப் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. “அப்போ ஆத்துமணல்?” என்றேன். “மணல் நிஜம்,” என்றாள். “போதகரை ஏய் உள்ளே வான்னு சொன்னது?” “அதுவும் நிஜம் மாமா. நீங்க கத்துக்குடுத்தது அது. மிச்சத்தை நான் பாத்துக்கிட்டேன்.” ஆகையால் மச்சான், திருவிருந்து அன்றைக்கு நீ எழுந்து நிற்க வேண்டாம், நானும் தலையாட்டப் போவதில்லை; வாத்தியார் நீயும் அல்ல, நானும் அல்ல. கூட்டுரோட்டில் நாம் இரண்டு பேரும்தான் நின்றோம், ஆனால் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு. ரெகினா போய்விட்டாள். டிர்க் ஊரே முகமூடி கட்டித் திரிந்த அந்தக் காய்ச்சல் வருஷத்தில் போனான். பிளாஸ்க் கிழவி கோழியோடு எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். வெய்க்கோ போன மாதம். மிச்சமிருப்பது ஒரே ஒருத்தி, என் பேச்சைக் கேட்டு இதை எழுதிக்கொண்டே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிற உன் மகள் செல்மா.